பந்தியில் மாட்டிய ஓட்டம்

ஓடினால் மனம் அமைதியாகும் என்று எழுதுகிறவர்களில் ஒருவர்கூட கேமரன் மலையில் ஓடியிருக்க மாட்டார். இங்கே ரோடு ஒன்று ஏறும், இல்லை இறங்கும். சமமாகக் கிடக்கிற தரை என்றால் பிரிஞ்சாங் மார்க்கெட் பக்கம் கார் நிறுத்துகிற இடம்தான், அதிலும் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. ஏறும்போது நெஞ்சு அடைக்கும், இறங்கும்போது முட்டி கழன்றுகொள்ளும். இதில் அமைதி எங்கிருந்து வரும்? எனக்கு வருவதெல்லாம் கெட்ட வார்த்தைதான். அதையும் மூச்சு வாங்குவதால் முழுதாகச் சொல்ல முடிவதில்லை.

ஆனாலும் வாராவாரம் ஓடுகிறேன். கியா பார்ம் ரோட்டோரத்தில் ஸ்ட்ராபெர்ரி, சோளம், கீரை விற்கிறவள் நான். நாள் முழுக்க நின்றபடி சிரிக்க வேண்டும். பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறவர்களிடம் சிரிக்க வேண்டும். சோளத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு சோளத்தை வாங்காமல் போகிறவர்களிடமும் சிரிக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கால் வலிக்கிறதோ இல்லையோ, கன்னம் வலிக்கும். ஓடும்போது மட்டும்தான் என் முகத்தை என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. ஞாயிறு காலை கடையை வீட்டுக்காரர் திறந்துகொள்வார். நான் சப்பாத்துக் கயிறு கட்டும்போதெல்லாம், "யாரு துரத்துறா உன்னை?" என்று ஒரு கேள்வி கேட்பார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவர் சலிக்காமல் செய்வது அது ஒன்றுதான்.

ஆரம்பத்தில் நடக்கத்தான் போனேன். கிளினிக்கில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார்கள். எங்கள் மலையின் இறக்கத்தில் கொஞ்சம் வேகமாக நடந்தால் கால் தானாக ஓட ஆரம்பித்துவிடும், நிறுத்துவதுதான் கஷ்டம். அப்படித்தான் நான் ஓட்டக்காரி ஆனேன். முதல் நாளே மூன்று வண்டிகள் பக்கத்தில் வந்து நின்றன. எங்கள் ஊரில் ரோட்டில் தனியாகப் போகிறவரை ஏற்றிக்கொள்ளாமல் போவது மரியாதைக் குறைவு. முதல் வண்டி, "ஏறுங்கக்கா, தும்பாங்" என்றது, ஓசிச் சவாரி என்று அர்த்தம். இரண்டாவது வண்டி, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறியது. மூன்றாவது, முட்டைக்கோஸ் லோரி. வேண்டாம் அண்ணே, சும்மா ஓடுகிறேன் என்றதும் டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காடின்னா ஏறுவீங்க, லோரின்னா ஏற மாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் புகையை என் மேல் விட்டுவிட்டுப் போனார்.

பிறகு என்னைப் போல இன்னும் சில கிறுக்குகள் இருப்பது தெரிந்தது. இடைநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிற சார் ஒருவர். அவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அவர் இதயத்தைவிட அதிகமாக அடிக்கும். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் இன்னொருவர். வயிறு முன்னால் ஓட, அவர் பின்னால் வருவார். திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர். மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸோடு ஓடி எல்லாரையும் முந்திவிடுகிற சீனக் காய்கறித்தோட்டக்காரர் ஒருவர். இதுதான் எங்கள் கூட்டம். ஓடி முடித்ததும் எல்லாரும் பாய் கடையில் உட்கார்ந்து, கரைத்ததைப் போல இரண்டு பங்கு கொழுப்பை ரொட்டியாகவும் தே தாரிக் என்கிற பால் டீயாகவும் உள்ளே அனுப்புவோம். சார் மட்டும் தே ஓ கோசோங், சர்க்கரை இல்லாமல். அவர் முகமும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதை நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன். யாரும் யாரிடமும் எதையும் விற்கவில்லை. எல்லாருக்கும் ஒரே இடத்தில் வலிக்கிறது. அந்த வலியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்க ஆள் இருக்கிறது. வீட்டில் முட்டி வலி என்றால் "ஓடாதே" என்பார்கள். இங்கே, "எந்தப் பக்கம், உள் பக்கமா வெளிப் பக்கமா?" என்று கேட்பார்கள். மனுஷருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாங்கள் ஓடுவது தேயிலைத் தோட்டத்து ரோட்டில். பெரிய ரோட்டில் ஓட முடியாது, லோரிகளும் டூரிஸ்ட் கார்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். தோட்டத்து ரோடு, கேட்டில் தொடங்கி, மலையைச் சுற்றி ஏறி, தொழிலாளர் லைன் வீடுகளைத் தொட்டு, ஃபேக்டரி வழியாக மறுபடி கேட்டுக்கே வந்து சேரும். ஒரு கார் மட்டும் போகிற அகலம். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கமும் தேயிலை. காலையில் பனி ரோட்டோடு படுத்திருக்கும். ஃபேக்டரியில் இலை வறுபடுகிற வாசனை வளைவுக்கு வளைவு வரும். அந்த லைனில் பிறந்தவள் நான். என் அம்மாவும் அப்பாவும் அந்த ரோட்டில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கியவர்கள். சுமை இல்லாமல், கூப்பிட ஆளில்லாமல், வெறும் கையை வீசிக்கொண்டு அதே ரோட்டில் ஓடுவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சார் கடிகாரத்துக்குத் தெரியாது. வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு காலைதான்.

அதை வைத்துத்தான் நாங்கள் சூதாடினோம்.

சாருக்கு ஒரு ஆசை வந்தது. ஈப்போவிலிருந்தும் கேஎல்லிலிருந்தும், அதாவது கோலாலம்பூரிலிருந்தும், ஓட்டக்காரர்களைக் கூப்பிட்டு, நெஞ்சில் நம்பர் குத்தி, கழுத்தில் பதக்கம் போட்டு, முறையாக ஒரு ஓட்டம் நடத்த வேண்டும் என்றார். தோட்டத்து மேனேஜரிடம் அனுமதி கேட்கப் போனோம். மேனேஜர் இளைஞர், டவுனில் படித்து வந்தவர். லைனில் வயதானவர்கள் அவரையும் துரை என்றே கூப்பிடுவார்கள். அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்க அவருக்குத் தெரியாது. அவர் எங்களை நிற்கவைத்தே பேசினார்.

"பத்து மணிக்கு டூரிஸ்ட் காடி மேல ஏறும். ஒரு காடி போற ரோடு. அதுக்குள்ள ஒரு ஆள் பாக்கி இல்லாம வெளிய வந்துரணும். ஒரே ஒருத்தர் உள்ள இருந்தாலும், அதோட சரி. உங்க ஞாயித்துக்கிழமை ஓட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கேட்டை மூடிருவேன்."

"சரிங்க துரை" என்றேன் நான். சார் முறைத்தார். மேனேஜர் சந்தோஷப்பட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் அனுமதி கிடைத்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

சார் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். எப்படியும் நான்தான் கடைசியாக வருவேன் என்பதால், கடைசியில் ஓடி யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் பதவி எனக்கு. தோற்கிறவளுக்கும் ஒரு பதவி கொடுத்து உட்காரவைக்கிற சாமர்த்தியம் பள்ளிக்கூடத்து ஆட்களுக்கு மட்டுமே வரும். இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. பாதி வழியில், லைன் பக்கம், தண்ணீர் கொடுக்க ஒரு மேசை போட வேண்டும். என் அண்ணன் இன்னும் அந்த லைனில்தான் இருக்கிறார், கொழுந்து லோரி ஓட்டுகிறார். அண்ணி கொழுந்து வெட்டுகிற மெஷின் பிடிக்கிறவர். அந்த மெஷினைக் கீழே வைத்த பிறகும் அவர் குரல் அதே சத்தத்தில்தான் இருக்கும். அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணி, ஞாயித்துக்கெழமை ஓடி வர்றவங்களுக்குக் கொஞ்சம் தண்ணியும் வாழைப்பழமும் வச்சுருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"எங்கேருந்து வர்றாங்க?"

"கேஎல், ஈப்போ."

"அவ்வளவு தூரத்துலேருந்தா?" என்றார் அண்ணி. பிறகு ஒன்றும் பேசவில்லை. அண்ணி பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குக் கடையில் கூட்டம், மறந்துவிட்டேன்.

ஓட்ட நாள் காலை கேட்டில் ஒரு பஸ் கொள்ளுமளவு கூட்டம். டவுன் ஆட்களின் சப்பாத்துகள் எங்கள் ஸ்ட்ராபெர்ரியைவிடப் பளபளவென்று இருந்தன. இடுப்பில் தண்ணீர், முதுகில் தண்ணீர், கையில் ஏதோ பிழிந்து குடிக்கிற பசை. கேமரன் மலைக்கு வருகிறார்களா, பாலைவனத்துக்குப் போகிறார்களா என்று தெரியவில்லை. சார் விசில் ஊதினார். எல்லாரும் பனிக்குள் மறைந்தார்கள். நானும் பாயும் மட்டும் கொஞ்ச தூரம் சேர்ந்து போனோம். முதல் ஏற்றத்திலேயே பாய், "தங்கச்சி, நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போறேன்" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு முன்னால் போனார். அன்றைக்கு அவரிடம் ஏதோ வேகம் இருந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் மூக்குக்குச் சாம்பார் வாசனை எட்டியிருக்கிறது.

கடைசி ஏற்றம் ஏறி, லைன் தெரிகிற வளைவைத் திரும்பினேன். முதலில் கண்ணில் பட்டது பந்தல். கோவில் திருவிழாவுக்குப் போடுகிற நீலப் பந்தல். அதற்குக் கீழே கோரைப்பாய் விரித்து, நீளமாக இரண்டு வரிசை. வரிசையில் நெஞ்சில் நம்பரோடு என் ஓட்டக்காரர்கள் அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாவதாக வந்துகொண்டிருந்த ஈப்போப் பையனின் மடக்கிய காலுக்குப் பக்கத்தில் கேசரி. இட்லி, மீஹூன், வடை, சாம்பார், இரண்டு சட்டினி. ஒரு ஓரத்தில் வாழைப்பழமும் தண்ணீரும் யாரும் சீண்டாமல் இருந்தன.

"அண்ணி, என்ன இது?"

"என்ன என்ன இது? அவ்வளவு தூரத்துலேருந்து நம்ம லைனுக்கு வர்றாங்க, வெறும் தண்ணிய நீட்டிப் போன்னு சொல்றதா? மானம் போகாது? பசியாறிட்டுப் போகட்டும்லா."

முன்னால் வந்த நாலைந்து பேர் தண்ணீர் குடித்துவிட்டு ஓடத்தான் பார்த்திருக்கிறார்கள். லைன் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒருவன் உட்கார்ந்தான், பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தது வரைகூடப் பரவாயில்லை. எங்கள் லைனில் பந்தி என்றால் பந்திதான். வரிசையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை முதல் ஆள் எழுந்திருக்கக் கூடாது. பாதியில் எழுந்தால் பக்கத்தில் சாப்பிடுகிறவரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். ஈப்போப் பையன் எழ முயன்றபோதெல்லாம் இரண்டு பெரியம்மாக்கள் தோளை அழுத்தி, "இன்னும் சாப்பிடறாங்கப்பா" என்று காட்டினார்கள். அவர்கள் காட்டிய திசையில், வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் பாய். அவர் சாப்பாட்டுக் கடைக்காரர், ஒவ்வொரு வாயையும் ருசி பார்த்து, "சாம்பார்ல என்ன பருப்பு போட்டீங்க?" என்று விசாரித்து விசாரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்குமுன் என் கையில் சாம்பார் வாளி வந்துவிட்டது. "நீ நம்ம வீட்டுப் பொண்ணு, நீ அப்புறம் சாப்பிடு. இப்ப அந்த வரிசையப் பாரு" என்றார் அண்ணி. நான் ஓட வந்தவள், என் நெஞ்சிலும் நம்பர் இருக்கிறது என்று யாருக்குச் சொல்வது? சாம்பார் ஊற்றினேன். கேஎல்லிலிருந்து வந்த ஒரு பெண் தன் கடிகாரத்தைக் காட்டி, "அக்கா, இதை நிறுத்தறதா வேணாமா?" என்று கேட்டாள். சட்டினி வேணுமா என்று கேட்டேன். வேணும் என்றாள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு நேரம் உறைத்தது. பாதி வழி பாக்கி. ஒன்பது தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது. இவர்கள் இருக்கிற வயிற்றோடு ஓடினால் மத்தியானம்தான் கேட்டுக்குப் போவார்கள். ரோடு போய்விடும். வாளியைக் கீழே வைத்தேன்.

"அண்ணி, பத்து மணிக்குள்ள எல்லாரும் கேட்டுல இருக்கணும். இல்லேன்னா துரை கேட்டை மூடிருவாரு. எங்களுக்கு ஓட ரோடே இருக்காது."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், இதை முன்பே சொல்வதற்கென்ன என்று இருந்தது. அவர் ஒரு குரல் கொடுத்தார், மெஷின் குரல். பந்தலும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணனின் கொழுந்து லோரி பக்கத்திலேயே நின்றது. "எல்லாரும் ஏறுங்க. பந்தி முடிஞ்சுச்சு."

ஓட்டக்காரர்கள் லோரியில் ஏறுவதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேசரி சாப்பிட்டவனுக்கு எந்தக் கேள்வியும் வராது. வலை அடித்த லோரிக்குள் ஒருவரை ஒருவர் பிடித்துத் தூக்கி, நின்றபடி நெருக்கிக்கொண்டார்கள். நான் ஒரு நிமிஷம் கீழே நின்றேன். இவர்கள் எல்லாரும் லோரியில் போகும்போது நான் ஒருத்தி ஓடிப்போனால், முழுத் தூரமும் ஓடியது நான் மட்டும்தான் என்றாகும். பிறந்ததிலிருந்து எதிலும் முதலாவதாக வந்திராதவளுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது, நிஜமாகவே வந்தது. ஆனால் நான் ஓடினால் நிச்சயம் பத்து மணி தாண்டும். ஏறினேன். கதவுப் பக்கம் கடைசி ஆளாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

வழியெல்லாம் ஒரே சத்தம். ஒவ்வொரு கையிலும் கடிகாரம் கத்தியது. இதுவரை நீங்கள் ஓடியதிலேயே இதுதான் அதிவேகம் என்று அது எல்லாருக்கும் பாராட்டு சொல்லிக்கொண்டிருந்தது. ஈப்போப் பையன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

கேட்டில் சார் இரண்டு பக்கமும் நாடா கட்டி, பதக்கங்களைக் கையில் தொங்கவிட்டு, முதல் ஆளுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் மேனேஜர் தன் வண்டியில் சாய்ந்து நின்றார். லோரி நாடாவைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. கடைசியாக ஏறியவள் என்பதால் முதலில் குதித்தவள் நான்தான். பதக்கம் போடுவதற்கு நிறுத்தியிருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிக்கொடுத்ததை மாற்றாமல் செய்தது. முதலில் கால் வைத்தவளின் கழுத்தில் முதல் பரிசைப் போட்டது. சார் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

"பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் மேனேஜர். எண்ணிப் பார்க்கச் சொன்னார். சார் எண்ணினார். மறுபடி எண்ணினார். அதற்குள் பத்தாகிவிட்டது. மேனேஜர் கையசைத்தார், டூரிஸ்ட் கார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏற ஆரம்பித்தன.

"பாய் எங்கே?" என்றார் சார்.

யாரும் பின்தங்காமல் பார்ப்பது என் வேலை. அந்த ஒரே ஒரு வேலையை நான் செய்யவில்லை.

பாய் என்ன செய்தார் என்பதை அவரே பிறகு சொன்னார். எல்லாரும் எழுந்து ஓடியபோது அவர் இலையில் பாதி இருந்தது. இலையில் மிச்சம் வைத்து எழுந்தால் சமைத்தவர்களுக்கு என்ன மரியாதை? முடித்து, கை கழுவி, ஒவ்வொரு அம்மாவிடமும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் லோரி இல்லை. அண்ணி அவரிடம் வடையை இரண்டு பையில் புங்குஸாக, பார்சலாக, கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒன்று சாருக்கு. ஒன்று, கோபமாக இருந்தால் உதவும் என்று, துரைக்கு. அதோடு பாய் ஓட ஆரம்பித்தார்.

ஒரு கார் போகிற ரோட்டில் கீழேயிருந்து கார்கள், மேலேயிருந்து பாய். முதல் கார் நின்றது. பாயும் நின்றார். "சோரி பாஸ், சோரி" என்று ஒவ்வொரு காராக ஒதுங்கி ஒதுங்கி வந்திருக்கிறார். பின்னாலிருந்த கார்கள் ஹாரன் அடித்தன, சில கார்கள் பின்னால் போகப் பார்த்து வாய்க்காலில் சக்கரத்தை விட்டன. காருக்குள் ஒரு குழந்தை அழுதது. கையில் வடையை வைத்துக்கொண்டு, அழுகிற குழந்தையைத் தாண்டிப் போக பாயால் முடியுமா? கொடுத்தார். அடுத்த கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, எங்கே வாங்கியது என்று கேட்டார். பனிக்குள்ளிருந்து பாய் வெளியே வந்தபோது இரண்டு பையும் காலி. ஜாம் பெரிய ரோடு வரை வந்து, கியா பார்ம் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து போன் போட்டு, இன்றைக்கு ஏன் இவ்வளவு ஜாம் என்று கேட்டார்.

அத்தனை பேரிலும் முழுத் தூரமும் காலால் வந்தவர் பாய் மட்டும்தான். என் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி அவருக்குப் போட்டேன். கூட்டம் கைதட்டியது. மேனேஜர் தட்டவில்லை.

"சொன்னேன்ல" என்றார். "இதோட சரி." வண்டியில் ஏறிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம், ஆனால் அவர் செய்தது தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாய்க்காலில் கிடந்த கார்களை அவர்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு கேட் மூடியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். சார் பெரிய ரோட்டில் ஓடி, லோரிக்காரர்களிடம் திட்டு வாங்கினார். பாய் மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார், பார்த்தவர்கள் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார்கள். நான் ஓடவே இல்லை. பனி விழுகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, சப்பாத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். வருத்தம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓட ரோடு இல்லை என்பதெல்லாம் ஒரு வருத்தமா என்று ஊர் கேட்கும். ஆனால் வருத்தம்தான். ஒரு நாள் ஸ்ட்ராபெர்ரியை அமுக்கிப் பார்த்த ஒருவரிடம், "உங்க கன்னத்தை நான் அப்படி அமுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் அன்றைக்கு என்னைக் கடைக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்.

அண்ணிக்கு எப்படியோ விஷயம் போய்ச் சேர்ந்தது. போனில் எடுத்ததும் கத்தினார்.

"நான் போட்ட சோத்தாலயா ரோடு போச்சு?"

"அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். இங்க பாரு, எத்தனை தீபாவளிக்குக் கூப்பிட்டேன், கடை கடைன்னு ஒரு மணி நேரம் வந்துட்டு ஓடிருவ. வாராவாரம் இந்த லைன் வழியா ஓடிப் போவ, கையைக் காட்டிட்டுப் போவ, உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா? நான் ஏன் பந்தல் போட்டேன்னு நெனச்ச? கேஎல்காரனுக்கா?"

அவர் சொல்வது சரிதான் என்பதால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழமை உன் ஆளுங்களை எல்லாம் கூட்டிட்டு வா. கேட்டுக்கு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்தார்.

போனோம். கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர், மூடிய கம்பிக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணியும் லைன் பெண்கள் ஏழெட்டுப் பேரும்.

"ஓடறவங்களுக்கு அனுமதி இல்லை" என்றார் ஜாகா.

"ஓடறவங்க யாரு? இவங்க விருந்தாளி" என்றார் அண்ணி. "லைன் வீட்டுக்குச் சொந்தக்காரங்க வரக் கூடாதுன்னு எந்த துரையும் இதுவரைக்கும் சொன்னதில்லை. இது என் நாத்தனா. அந்த பாய் எனக்கு அண்ணன் முறை. அந்த சார் ஏழாம் நம்பர் வீட்டுக்குச் சம்பந்தி."

ஏழாம் நம்பர் வீட்டுப் பெண் அதுவரை பார்த்திராத தன் சம்பந்தியைப் பார்த்துத் தலையாட்டினாள். சாருக்குப் பிள்ளைகளே கிடையாது. கணக்குச் சார் அந்தக் கணக்கை மட்டும் திருத்தவில்லை. பூட்ஸ் போட்ட சீனரைப் பெரியம்மா ஒருவர் தம்பி என்று கையைப் பிடித்து இழுத்தார், அவரும் போனார். ஜாகா எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். அவரும் அந்த லைன்காரர்தான்.

"விருந்தாளின்னா ஏன் சப்பாத்து போட்டு ஓடறாங்க?"

"பசியாற நேரமாச்சு. ஓடாம ஊர்ந்தா வருவாங்க?" என்றார் அண்ணி.

கேட் திறந்தது. எல்லாரும் ஓடினார்கள். அண்ணியும் பெண்களும் அண்ணன் லோரியில் ஏறி முன்னால் போனார்கள், இட்லி ஆறிவிடுமாம். நான் பின்னால் என் வேகத்தில் ஏறினேன். பனி, தேயிலை, வளைவு, வறுத்த இலை வாசனை, எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தன. நெஞ்சு அடைத்தது, முட்டி வலித்தது, கெட்ட வார்த்தை பாதியில் நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது வளைவில் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. மேனேஜர். பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார். ஜாகா சொல்லியிருப்பார், அவர் முகத்தில் அது தெரிந்தது.

"எல்லாரும் விருந்தாளியாமே. நீங்க யார் வீட்டு விருந்தாளி?"

நின்று பேச மூச்சில்லை, ஓடிக்கொண்டேதான் சொன்னேன்.

"நான் விருந்தாளி இல்லைங்க துரை. நான் இங்க பொறந்தவ. நீங்கதான் வந்தவரு."

கண்ணாடி மெதுவாக ஏறியது. அது ஒரு வண்டி போகிற ரோடு, நான் நடுவில் ஓடினேன், ஒதுங்கவில்லை. அண்ணி வீட்டு வாசல் வரைக்கும் அவர் என் பின்னால், என் வேகத்திலேயே வந்தார்.